வெள்ளம் இல்லாத நாடு

ஹாலந்து என்று ஒரு நாடு இருப்பது எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுனாமி வந்த பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை. புத்தகத்தில் அந்த நாட்டுக்காரர்களைப் பற்றி டச்சுக்காரர்கள் என்று நாலு வரி வரும். வணிகம் செய்ய வந்தனர், கோட்டை கட்டினர் என்று படித்துவிட்டு நேராகப் பிரெஞ்சுக்காரர்களிடம் போய்விடுவோம். அந்தக் கோட்டை பள்ளிக்கூடத்திலிருந்து மணலில் நடந்தால் வந்துவிடும் தூரத்தில் இருந்தது. பிள்ளைகள் அதன் சுவரோரம்தான் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நான் அங்கே சமூக அறிவியல் டீச்சர். சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய ஒரு மீனவக் குப்பம். அதன் பெயர் இப்போது யாருக்கும் உதவாது, விட்டுவிடுகிறேன். செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ். பிறந்த ஊர் திருக்கழுக்குன்றத்துக்கு மேற்கே; நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். ஏரி நிறைந்தால் சிரிப்போம், உடைந்தால் அழுவோம். கடல் என்பது எங்களுக்கு மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போய் முழுக்குப் போட்டுவிட்டுத் திரும்பும் இடம்.

அப்படிப்பட்டவளை அரசாங்கம் தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் குப்பத்துப் பள்ளியில் கொண்டுபோய்ப் போட்டது. சேர்ந்த புதிதில் ஒரு பங்குனி மாதம், மண்டையைப் பிளக்கிற வெயில், ஒரு பையன் முந்தின நாள் வரவில்லை. ஏன்டா என்று கேட்டேன்.

"நேத்து வெள்ளம் நல்லா இருந்திச்சி டீச்சர். அப்பாகூட வலைக்குப் போய்கினேன்."

பங்குனியில் வெள்ளமா, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லக் கூடாதா என்று நான் கத்த, வகுப்பே சிரித்தது. அவனைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. அப்புறம் முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி, பைத்தியத்துக்கு வைத்தியம் சொல்வது போல நிதானமாக எனக்குச் சொன்னாள். கடலுக்குள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். கொஞ்ச காலம் வடக்கே பார்த்து ஓடும், கொஞ்ச காலம் தெற்கே. அந்த ஓட்டத்துக்குப் பேர்தான் வெள்ளம். அதைப் பார்த்துத்தான் வலை விட வேண்டும். வெள்ளம் இல்லாத நாளில் கடலுக்குப் போவதும் ஒன்று, வீட்டில் படுத்திருப்பதும் ஒன்று. ஒரே சொல். எங்கள் ஊரில் அது வந்தால் ஒப்பாரி, இவர்கள் ஊரில் அது வராவிட்டால் ஒப்பாரி. அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன்.

இந்தச் சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதை வைத்துத்தான் எங்கள் பிள்ளைகளின் வாயில் மண்ணைப் போட்டார்கள்.

அலை வந்து போன பின் பள்ளிக்கூடத்தில் சுவர் இருந்தது, கூரை இல்லை. வகுப்புகளைத் தகரக் கொட்டகைக்கு மாற்றினார்கள். வருகைப் பதிவு எடுக்கும்போது சில பெயர்களைக் கூப்பிடாமல் தாண்டிப் போகப் பழகிக்கொண்டேன். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, எழுதவும் வராது. அப்போது எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள், பழைய துணி கொடுத்தார்கள், அந்த வெயிலில் கம்பளி கொடுத்தார்கள். மனநலம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் பிள்ளைகளைக் கண்ணை மூடி மூச்சு விடச் சொன்னார்கள். இதற்கெல்லாம் கடைசியில் வந்ததுதான் ஹாலந்து.

வந்தவள் ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கலாம், நல்ல உயரம், வெயிலில் மூக்கு உரிந்து சிவந்து கிடக்கும். பிள்ளைகள் அவளை ஹாலந்து அக்கா என்றார்கள். அவளைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. தரையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பேன் பார்த்தாள். கூட வந்தவன்தான் என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம். ஏதோ ஒரு தொண்டு அமைப்பின் ஒருங்கிணைப்பாளர். படூர் பக்கம் ஒரு அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு தினமும் காரில் வந்து போவான். அவள் சொல்வதைத் தமிழில் சொல்வதும், நாங்கள் சொல்வதை இங்கிலீஷில் சொல்வதும் அவன்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே.

எதற்காக இந்தப் பிள்ளைகளுக்கு ஹாலந்து என்று நான் முதல் நாளே அவனைக் கேட்டேன். சிரித்தபடி சொன்னான்.

"நம்பிக்கை, மேடம். கடல் மட்டத்துக்குக் கீழ இருக்கற நாடு. கடலையே ஜெயிச்சவங்க. இந்தக் குழந்தைங்களுக்கு அது தெரியணும்."

அதையே அவன் வகுப்பிலும் சொன்னான். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி உடனே கேட்டாள்: "கடல ஜெயிக்கறதா? அது இன்னா கபடியா?"

இந்தப் பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் அப்பா படகில் போகிறவர். அம்மா கரையில் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கல்பாக்கம் அணுமின் நிலையக் குவார்ட்டர்ஸ் வாசல் வாசலாக மீன் விற்கிறவள். அவர்கள் வீடு இருந்த இடத்தில் அலைக்குப் பிறகு அம்மிக்கல் மட்டும் கிடந்தது. அப்போது குப்பத்தில் ஒரே பேச்சு இதுதான்: கரையிலேயே வீடு கட்டிக் கொடுப்பார்களா, இல்லை கடலை விட்டு உள்ளே கொண்டுபோய்த் தள்ளுவார்களா. உள்ளே போனால் அந்தத் தொண்டு அமைப்பு கட்டித் தரும் கான்கிரீட் வீடு. கரையிலேயே இருப்பேன் என்றால் ஒன்றும் கிடையாது என்று பேசிக்கொண்டார்கள். குப்பம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளில் கடல் பக்கம் திரும்பியே படுக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் அம்மா தெளிவாக இருந்தாள்.

"படகு வர நேரத்துல நான் கரையில இல்லன்னா எனக்கு யாரு மீனு எடுத்து வெப்பாங்க டீச்சர்? உள்ள போனா நான் இன்னா பண்றது, வூட்ட நக்கிகினு கெடக்கறதா? உன் பேச்சுக் கேப்பாங்க. நீ அவங்ககிட்ட சொல்லு."

என் பேச்சை எவன் கேட்கிறான் என்று அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்றேம்மா என்றேன்.

பாடம் நடந்தது. முதல் வாரம் சிரிப்பாகத்தான் இருந்தது. கடலுக்குக் கீழே இருக்கிற நாடு என்றவுடன், "அடியில எப்டி மூச்சு வுடுவாங்க?" என்று கேட்டார்கள். சுவர் எழுப்பிக் கடலைத் தடுத்து, காற்றாடி வைத்துத் தண்ணீரைக் கால்வாய்களில் இறைத்து, வெளியே வந்த நிலத்தில் பூச்செடி வைத்தார்கள் என்று அவள் படம் காட்டினாள். துலிப் என்று ஒரு பூ; ஒருத்திக்கும் அதன் அழகு பிடிபடவில்லை, வாசனை உண்டா, தலையில் வைக்கலாமா என்றுதான் கேட்டார்கள். பால்கட்டி கொண்டுவந்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தாள். சோப்பு மாதிரி கீது என்று பாதிப் பேர் மணலில் துப்பிவிட்டு, அவள் முகம் வாடியதைப் பார்த்து, நல்லா கீதுக்கா என்று இளித்தார்கள். மரச் செருப்பு ஒரு ஜோடி கையோடு கொண்டுவந்திருந்தாள். அந்தப் பெண்ணின் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கட்டையில எங்காளுங்க கட்டுமரம் கட்டுவாங்க, இவங்க செருப்பு கட்டிக்கினாங்களா?" என்றாள். அதை மட்டும் அவன் சரியாக மொழிபெயர்த்தான் போலிருக்கிறது, ஹாலந்து அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒரு நாள் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போனோம். அது என் யோசனை. உங்கள் ஊர் ஆட்களே இங்கே படுத்திருக்கிறார்கள், வா காட்டுகிறேன் என்று ஹாலந்து அக்காவிடம் சொல்லி வைத்திருந்தேன். கோட்டைக்குள் ஒல்லாந்தர் என்று நம் பக்கம் சொல்கிற டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. பூட்டின கேட்டு, உள்ளே மண்ணோடு மண்ணாகப் பதித்த பெரிய பெரிய கற்கள், அவற்றில் கப்பல், மண்டை ஓடு, பூவேலை, சுற்றிலும் அவர்கள் எழுத்து. அவள் முட்டி போட்டு உட்கார்ந்து விரலால் தடவித் தடவிப் படித்தாள். ஒரு கல்லில் கணவன், மனைவி, குழந்தை என்று மூன்று பேர். அவள் கண் கலங்கியது.

எதுக்கு வந்தாங்க இவங்க என்று ஏழாம் வகுப்புப் பெண் என்னிடம் கேட்டாள். துணி வாங்க வந்தார்கள், நம் பக்கத்து நெசவுத் துணி, கூடவே ஆட்களையும் அடிமையாக விலைக்கு வாங்கிக் கப்பலில் ஏற்றிப் போனார்கள் என்றேன். வரலாறு என்றால் முழுதாகத்தானே சொல்ல வேண்டும். ஒருங்கிணைப்பாளர் கையைத் தூக்கி, "மேடம், அது இப்ப வேணாமே, பாசிட்டிவா போலாம்," என்றான். அவள் என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை, கோட்டையின் வயது என்ன என்று கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டான். எனக்கு அந்த அளவுக்காவது இங்கிலீஷ் புரியும். நானே அவளிடம் உடைந்த இங்கிலீஷில் சொன்னேன். அவள் தெரியும் என்று தலையை ஆட்டினாள்.

ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு அடிமைக் கதையைவிட வேறொன்று உறைத்திருந்தது. வரும் வழியில் கேட்டாள்.

"அவங்க ஊர்லயும் கடல ஒட்டித்தான் வூடு கட்டிக்கினாங்க. இங்க வந்தும் கடல ஒட்டியே கட்டினாங்க. அப்ப நம்மள மட்டும் ஏன் டீச்சர் உள்ள போவச் சொல்றாங்க?"

அவளுக்குப் பதில் சொல்லும் அதிகாரம் உள்ளவன் எங்களுக்கு முன்னால் செல்போனில் பேசிக்கொண்டே நடந்தான்.

அதற்கடுத்த வாரம் படம் வரைய வைத்தார்கள். ஹாலந்தை வரையுங்கள் என்பது தலைப்பு. ஆளுக்கு ஒரு பெட்டி கிரேயான்ஸ், புத்தம் புதுசு. பெட்டியைத் திறந்ததும் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

"டீச்சர், நீலம் காணம்."

எல்லாப் பெட்டியிலும் இரண்டு குழி காலியாக இருந்தது. கருநீலமும் இல்லை, வெளிர்நீலமும் இல்லை. கடையில் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்து ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன். அவன் குரலைத் தாழ்த்தி, தாங்களேதான் எடுத்துவிட்டதாகச் சொன்னான். மனநல ஆலோசகர் சொல்லியிருக்கிறாராம். நீலத்தைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு அலை ஞாபகம் வருமாம். கொட்டகைக்கு வெளியே நிமிர்ந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டுகிற மட்டும் கடல். அதை எந்தப் பெட்டியிலிருந்து எடுப்பீர்கள் என்று கேட்டேன். மேடம் காமெடி பண்றீங்க என்றான். பிடுங்கிய நீலக் கட்டிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, ஹெட்மாஸ்டர் பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

பிள்ளைகள் வரைந்தார்கள். நீலம் இல்லாததால் வானத்தை வெள்ளையாக விட்டார்கள், அல்லது ஆரஞ்சு பூசினார்கள். சிவப்பு ஓட்டு வீடு, காற்றாடி, துலிப் என்று வரிசையாக வந்தது. ஒருவன் தாள் முழுக்கப் பழுப்பில் ஒரு சுவரை வரைந்துவிட்டு, "கடலு இதுக்குப் பின்னாடி கீது," என்று சொல்லி முடித்துக்கொண்டான். ஏழாம் வகுப்புப் பெண் மட்டும் சுவருக்கு மேலே பச்சையைத் தேய்த்தாள், கை வலிக்கும்வரை தேய்த்தாள். அதில் ஒரு படகு வைத்தாள். நான் நெல் வயலில் வளர்ந்தவள், எனக்கு அது நட்டுப் பச்சை பிடித்த வயலாகத் தெரிந்தது. வயலில் ஏன்டி படகு என்றேன்.

"வயலா? கடலு டீச்சர். தூரத்துல இருந்து பாக்கறவங்களுக்குத்தான் நீலம். கிட்டப் போனா பச்சயாத்தான் இருக்கும்னு அப்பா சொல்லிக்கீறாரு."

பிறகு கண்காட்சி வைத்தார்கள். கொட்டகை முழுக்கக் கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டு, ஒரு அதிகாரி, வெளிநாட்டிலிருந்து நிதி கொடுத்தவர்கள் சிலர், குப்பத்துப் பெரிய மனுஷர்கள் என்று எல்லோரையும் உட்கார வைத்தார்கள். அந்தப் பெண்ணின் அம்மா சின்ன மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். சின்னவளுக்கு அப்போது இரண்டு வயது இருக்கும், ஹாலந்து அக்கா கொடுத்த பிளாஸ்டிக் காற்றாடியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். படம் பார்க்கத்தானே கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நானும் புதுப் புடவை கட்டிப் போயிருந்தேன்.

ஒருங்கிணைப்பாளர் மைக்கைப் பிடித்தான். பிள்ளைகள் ஒரு மாதமாக ஹாலந்து நாட்டின் பண்பாட்டையும் வரலாற்றையும் கற்றார்கள் என்றான். அதுவரை சரி. அப்புறம் சொன்னான்: "இந்தப் படங்கள நல்லாப் பாருங்க. இவ்வளவு படத்துல ஒன்னுல கூட கடல் இல்ல. ஒரு துளி நீலம் இல்ல. குழந்தைங்க மனசு என்ன சொல்லுது? கடல விட்டுத் தள்ளி, பத்திரமா, பூச்செடியோட ஒரு வீடு வேணும்னு சொல்லுது."

நீலத்தைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டியவனே நீலம் இல்லை என்று சாட்சி சொல்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு கடலையே மறைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

அதிகாரி எழுந்து படங்களைப் பார்த்துக்கொண்டே வந்து பச்சைப் படத்தின் முன்னால் நின்றார். வயலும் வீடும், சார், விவசாயத்துக்குக்கூட ரெடியா இருக்காங்க என்றான் இவன். பக்கத்தில் நின்ற ஏழாம் வகுப்புப் பெண் சொன்னாள்: "அது வயல் இல்ல சார். கடலு."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி நல்ல மனிதர்போல்தான் இருந்தார். குனிந்து அவள் தலையைத் தொட்டு, அந்த நாடு உனக்குப் பிடிச்சிருக்கா என்று கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்தாள். ஒரு மாதமாகப் படத்தில் பார்த்த கால்வாய்களையெல்லாம் அவள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

"அங்க வெள்ளமே இல்ல சார். தண்ணி அப்டியே நின்னுகினு கீது. பாவம்."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஊர்க்காரர்களுக்காக அவள் பரிதாபப்பட்டாள். ஓட்டமில்லாத தண்ணீரை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைக்கிறார்களோ என்று வருத்தப்பட்டாள். ஒருங்கிணைப்பாளர் பூரித்துப்போய் இங்கிலீஷில் அறிவித்தான்: அந்த நாட்டில் வெள்ளமே வராது, நமக்குத்தான் பாவம் இந்தக் கதி என்று குழந்தை சொல்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். ஹாலந்து அக்கா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தப் பெண்ணுக்கு ஏன் அழுகிறார்கள் என்று புரியவில்லை, என்னைத் தேடினாள்.

நான் எழுந்தேன். சார், இவள் சொன்ன வெள்ளம் வேறு என்றேன். கடல் நீரோட்டத்துக்கு இந்த ஊரில் வெள்ளம் என்று பெயர், அது இல்லாவிட்டால் இவர்களுக்குப் பிழைப்பு இல்லை, அந்த நாட்டைப் பார்த்து இவள் இரக்கப்பட்டாள், அவ்வளவுதான் என்றேன். நீலக் கட்டி எங்கே போனது என்பதையும் சேர்த்தே சொன்னேன். அதிகாரி குழம்பிப்போய் அவனைப் பார்த்தார். அவன் கொஞ்சமும் கலங்காமல், மைக்கை வாயிலிருந்து எடுக்காமலேயே சொன்னான்.

"மேடம், குழந்தை சொன்னத நாம மாத்தக் கூடாது."

இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த வாக்கியத்தை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. ஹெட்மாஸ்டர் கையமர்த்தி என்னை உட்கார வைத்தார். வாசலில் இருந்து அந்த அம்மா குரல் கொடுத்தாள்: "டீச்சர் சொல்றதக் கேளு சார். எம் பொண்ணு கடலு வேணான்னு சொல்லல." காபி கொண்டுவந்துவிட்டார்கள். எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

அந்த ஒரு வார்த்தையால்தான் குப்பம் பெயர்ந்தது என்று சொல்லும் அளவுக்கு நான் ஏமாளி இல்லை. எங்கேயோ எப்போதோ முடிவு செய்திருப்பார்கள். ஆனால் அந்த முடிவை எங்கள் பிள்ளைகளின் வாயிலிருந்து வரவழைத்து, எங்கள் பிள்ளைகளின் படத்தை அதன்மேல் ஒட்டி அனுப்பினார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பிள்ளைகளே ஆசைப்படுகிறார்கள் என்ற பேச்சு வந்த பிறகு, வேண்டாம் என்ற வீடுகளின் வாய் அடைத்துப்போனது. பெற்ற பிள்ளைக்கே எதிரியா என்று கேட்டால் எந்த அம்மா என்ன பேசுவாள்?

உள்ளே இடம் காட்டினார்கள். போய்ப் பார்த்தேன். நான் ஏரிப் பாசனத்துக்காரி, மண்ணைப் பார்த்தால் தெரியும். கோரை முளைத்துக் கிடந்தது. ஏரியின் உள்வாய் அது, தண்ணீர் ஏறி நிற்கிற இடம். எங்கள் ஊரில் அங்கே மாட்டைக்கூடக் கட்ட மாட்டார்கள். அதையும் சொன்னேன். மண் கொட்டி மேடாக்கிவிடுவோம் என்றார்கள். மேடம் எல்லாத்துக்கும் நெகட்டிவ்வா பேசறாங்க என்று ஒருங்கிணைப்பாளர் ஹெட்மாஸ்டரிடம் சொன்னானாம்.

வீடுகள் எழுந்தன. சிவப்புக் கூரை வண்ணம் அடித்து, சமுதாயக் கூடத்துச் சுவரில் பெரிய காற்றாடியும் துலிப் தோட்டமும் வரைந்திருந்தார்கள். வானத்துக்கு நல்ல நீலம் பூசியிருந்தார்கள். அப்போது நீலத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஹாலந்து அக்கா ஊருக்குப் போய்விட்டாள். போகும்முன் என்னிடம் வந்து, அன்று நான் என்ன சொன்னேன் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் வெள்ளத்தை விளக்கினேன். புரிந்ததா என்று தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு சாரி சொன்னாள். அவள் சாரியை வைத்து நான் என்ன செய்வது?

பள்ளியும் அவர்களோடு உள்ளே வந்தது. நானும் வந்தேன். படகு கரையில், வலை கரையில், ஆள் மட்டும் உள்ளே. விடியற்காலையில் ஷேர் ஆட்டோ பிடித்துக் கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏலம் முடிந்துவிடும். அந்த அம்மா கொஞ்ச நாள் ஓடிப் பார்த்தாள். பிறகு கூடையைக் கவிழ்த்துவிட்டுக் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்க்கப் போனாள், முன்பு மீன் விற்ற அதே வாசல்களுக்கு. அவள் வீட்டுக்காரர் படகுப் பங்கைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் படூரில் ஒரு அடுக்குமாடிக்கு செக்யூரிட்டியாகப் போனார். கடல் காற்று வீசும் வீடுகள் என்று அந்த மாடிக்கு ரோட்டோரம் விளம்பரம் வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்று எந்தக் காற்று, அதற்கு வெள்ளம் எப்படி ஓடும் என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் கேட்டில் நின்று கார்களுக்குச் சல்யூட் அடிக்கிறார்.

கோட்டை இன்னும் கரையிலேயே இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம் என்று பலகை, புல்வெளி, காவல் எல்லாம் உண்டு. செத்துப்போன ஒல்லாந்தரை யாரும் உள்ளே போகச் சொல்லவில்லை.

ஏழாம் வகுப்புப் பெண் பத்தாவது முடித்துவிட்டுப் பொத்தேரி பக்கம் ஒரு மெஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டாள். ஒரு நாள் பஸ்ஸில் பார்த்தேன். "டீச்சர், அங்க ஹாஸ்டல் புள்ளங்க நீ எந்த ஊருன்னு கேட்டா இன்னா சொல்றதுன்னே தெரியல," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவள் தங்கை, அன்று இடுப்பில் இருந்தவள், எங்கள் பள்ளியிலேயே இரண்டாம் வகுப்பு. அந்த வகுப்பு டீச்சர் லீவு போட்ட ஒரு நாள் நான் போய் உட்கார்ந்தேன். அடைமழைக் காலம் முடிந்து தை பிறந்திருந்தது, காலனிச் சுவர்களில் இடுப்புயரத்துக்குச் சேற்றுக் கோடு இன்னும் அழியவில்லை. பாடத்தில் இயற்கைச் சீற்றங்கள் வந்திருந்தன. வெள்ளம்னா என்ன, யார் சொல்றீங்க என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எதைக் கேட்டோம் என்று எனக்கே உறைத்தது. சின்னவள் முதல் ஆளாக எழுந்தாள்.

"ஏரி ரொம்பி நம்ம வூட்டுக்குள்ள வந்துச்சே டீச்சர். எங்கம்மா என்னத் தூக்கிகினு கூடத்து மாடிக்கு ஓடிச்சே. அதான் வெள்ளம்."

"வேற வெள்ளம் எதுனா உனக்குத் தெரியுமா?"

அவள் அக்கா கண்கள்தான் அவளுக்கு. அவற்றை வைத்துக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தாள். டீச்சர் ஏதோ ஏமாற்றுக் கேள்வி கேட்கிறாள் என்று நினைத்திருப்பாள்.

"வேற வெள்ளமா? அப்டி ஒன்னும் இல்ல டீச்சர்."

நான் பிறந்த ஊர்ப் பிள்ளைகள் சொல்கிற விடை அது. புத்தகத்திலும் அதுதான் இருந்தது. சரி, உட்கார் என்றேன்.